சொல் விளக்கம்: ஸ்போர்ட் அட்மினிஸ்ட்ரேஷன் ஃபேகல்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு ‘ஸ்போர்ட் அட்மினிஸ்ட்ரேஷன் ஃபேகல்டி’ என்ற தலைப்பு கண்ணில் பட்டிருக்கும். மொழிபெயர்க்கச் சொன்னால் பலரும் ‘விளையாட்டு நிர்வாகக் குழு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். படிக்கிறவர் மனத்தில் வருவதோ வேறு ஆள்: மாவட்டக் கைப்பந்துக் கழகத்தின் செயலாளர். ஆட்டம் தொடங்கும் முன் வீரர்களுக்குக் கைகொடுத்து, வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வாரே, அவர். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு வேலை வேறு. இப்படிப்பட்ட கழகங்கள் எப்படி நடக்கின்றன, பணம் எங்கிருந்து வருகிறது, ரசிகர் ஏன் சீட்டு வாங்குகிறார், வீரருக்கு என்ன உரிமை உண்டு என்று ஆராய்கிறவர்கள் அவர்கள். அதையே வகுப்பில் சொல்லித் தருகிறவர்கள். மூன்று சொற்களையும் பிரித்துப் பார்த்தால்தான் சரியான தமிழ் கிடைக்கும்.

‘ஸ்போர்ட்’ பழைய பிரெஞ்சின் ‘டெஸ்போர்ட்’ என்பதிலிருந்து தலை தேய்ந்து வந்த சொல். அதன் அடியில் இருப்பது ‘சுமந்து செல்’ என்று பொருள்படும் லத்தீன் ‘போர்த்தாரே’. மனத்தைக் கவலையிலிருந்து விலக்கி வேறு பக்கம் கொண்டுபோவது, அதாவது பொழுதுபோக்கு, என்பதே பழைய பொருள். போட்டி, விதி, வெற்றி தோல்வி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் உவகைக்கு நான்கு காரணம் சொல்லும்போது ‘செல்வம் புலனே புணர்வு விளையாட்டென்று அல்லல் நீத்த உவகை நான்கே’ என்கிறது. அல்லல் நீத்த உவகை என்ற மூன்று சொல்லுக்குள் ‘டெஸ்போர்ட்’ முழுவதும் அடங்கிவிடுகிறது. தேவநேயப் பாவாணர் ‘விளை’ என்பதற்கு விருப்பம் என்று பொருள் கொண்டு, விரும்பி ஆடுவது விளையாட்டு என்றார். ஆக, முதல் சொல்லில் சிக்கல் இல்லை. ‘ஸ்போர்ட்’, ‘ஸ்போர்ட்ஸ்’ என்று ஒருமை பன்மையில் ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சண்டை உண்டு. தனித்தனி ஆட்டங்களைச் சொல்லப் பன்மை, விளையாட்டு என்ற துறை முழுவதையும் சொல்ல ஒருமை என்பது இத்துறையினர் பலரின் கட்சி. ஓஹையோ பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் பழைய பழக்கப்படி பன்மையையே வைத்திருக்கின்றன. தமிழில் ‘விளையாட்டு’ இரண்டுக்கும் போதும்.

அடுத்தது அட்மினிஸ்ட்ரேஷன். இதன் வேர் லத்தீன் ‘மினிஸ்டர்’, பணியாள் என்று பொருள். ‘குறைவு’ என்ற பொருளுள்ள ‘மினுஸ்’ அதற்கும் அடி. எஜமானைக் குறித்த ‘மாஜிஸ்டர்’ இதற்கு நேரெதிர்ச் சொல். அது ‘மிகுதி’ என்ற அடியில் பிறந்தது. அப்படிப் பார்த்தால் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பவர் ஊழியம் செய்பவர்தான். (மினிஸ்டர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்பது வேறு கதை.) மேனேஜ்மெண்ட் வந்த வழி தனி: இத்தாலியச் சொல் ‘மனேஜ்ஜாரே’, குதிரையைக் கையால் பழக்குவது. தமிழ் ‘மேலாண்மை’யோ வெளிப்படையாகவே மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ‘ஆள்’ என்னும் வினையிலிருந்து வந்த ‘ஆண்மை’தான் அதில் இருப்பது, வேளாண்மை, தாளாண்மை போன்ற வார்ப்பு.

‘நிர்வாகம்’ வடசொல். ‘வஹ்’ என்ற வேருக்குச் சுமத்தல், கொண்டுசெல்லல் என்று பொருள். பொறுப்பை முடிவு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது நிர்வாகம். லத்தீன் ‘போர்த்தாரே’யும் சுமப்பதுதான் என்பதால் ‘விளையாட்டு நிர்வாகம்’ என்னும் தொடருக்குப் பின்னால் இரண்டு சுமைகள் இருக்கின்றன. தமிழ் நடைக்கேற்ப ‘நிருவாகம்’ என்று எழுதுபவர்களும் உண்டு, இரண்டும் சரியே. ஆனால் வழக்கில் இந்தச் சொல் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். சைக்கிள் ஸ்டாண்டில் ‘பொருட்கள் திருடு போனால் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று எழுதியிருந்தால், அங்கே நிர்வாகம் என்பது முதலாளி. ஆலையில் ‘நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை’ என்றால் மேனேஜ்மெண்ட். சங்கக் கூட்டத்தில் ‘புதிய நிர்வாகிகள் தேர்வு’ என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர். மூன்றிலும் அது ஆட்களைத்தான் காட்டுகிறது, படிப்பைக் காட்டவில்லை. ‘விளையாட்டு நிர்வாகக் குழு’ என்றதும் கழகச் செயலாளர் நினைவுக்கு வருவதற்கு இதுதான் காரணம்.

படிப்பாக இது பிறந்த கதையில் ஒரு பேஸ்பால் முதலாளி வருகிறார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி. 1957 சீசன் முடிந்ததும் அணியை லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பெயர்த்துக்கொண்டு போய், புரூக்ளின்காரர்களின் சாபத்தை வாங்கிக்கொண்டவர். அதே ஆண்டில் அவர் உடற்கல்விப் பேராசிரியரான ஜேம்ஸ் மேசனிடம் ஒரு கேள்வி கேட்டார். அரங்கம், குதிரைப்பந்தயத் திடல், பனிச்சறுக்கு மையம், ஓர் அணியின் அலுவலகம் இவற்றை நடத்துவதற்கென்றே படித்த ஆள் வேண்டுமென்றால் எந்தக் கல்லூரிக்குப் போவது? அப்படிப்பட்ட கல்லூரியே இல்லை என்பதுதான் பதில். மேசன் பின்னால் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966இல் அங்கே முதுகலைப் படிப்பாக இது தொடங்கியது. 1971இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமும் ஆம்ஹர்ஸ்டில் இந்தப் படிப்பைத் தொடங்கியது. 1985இல் இத்துறை ஆய்வாளர்களுக்கென்று வட அமெரிக்க அளவில் ஒரு சங்கம் உருவாகி, 1987இல் அதன் ஆய்விதழும் வெளிவந்தது.

முதல் தலைமுறை ஆசிரியர்கள் பெரும்பாலும் உடற்கல்வியிலிருந்து வந்தவர்கள். விளையாடி, பயிற்சி கொடுத்து, கல்லூரி விளையாட்டுத் துறையை நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு வகுப்பறைக்கு வந்தவர்கள். அவர்களில் இத்துறைக்கே இலக்கணம் எழுதியவர் என்று சொல்லத்தக்க ஒருவர் நம் ஊர்க்காரர்: பாக்கியநாதன் செல்லதுரை. சென்னையில் வணிகவியலும் உடற்கல்வியும் படித்தவர். கூடைப்பந்து ஆடியவர், பயிற்சி அளித்தவர், நடுவராகவும் இருந்தவர். கனடா போய் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் மேலாண்மை அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்திலும் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்திலும் (மேலே சொன்ன ஓஹையோ வேறு) பேராசிரியராக இருந்தார். பயிற்சியாளரின் தலைமைப் பண்பை அளக்க 1980இல் சலே என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அளவுகோலில் 40 கேள்விகள். பயிற்சி தருவது, வீரர்களைக் கலந்து முடிவெடுப்பது, தானே முடிவெடுப்பது, அக்கறை காட்டுவது, பாராட்டுவது என்று ஐந்து பக்கமாக அது பயிற்சியாளரைப் பார்க்கும். வீரருக்கு எது பிடிக்கும், சூழலுக்கு எது தேவை, பயிற்சியாளர் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார், இந்த மூன்றும் ஒத்துப்போனால் ஆட்டமும் நன்றாக இருக்கும், வீரருக்கு மனநிறைவும் இருக்கும் என்பது அவர் கொள்கை. துறையின் எல்லையையும் அவர் தெளிவாக வகுத்தார். விளையாட்டு ஒரு சேவை. ஆடுபவருக்கு ஒரு வகைச் சேவை, பார்ப்பவருக்கு இன்னொரு வகைச் சேவை. இவற்றை உருவாக்கி மக்களிடம் சேர்ப்பதை ஒருங்கிணைப்பதே இத்துறையின் வேலை. கழகச் செயலாளர் இதில் ஒரு மூலையில்தான் நிற்கிறார்.

இன்று இந்தப் பணிக்கு வருகிற வழிகள் பல. வேலை விளம்பரங்களில் முனைவர் பட்டம் கேட்பார்கள், ‘ஏ.பி.டி.’ ஆனாலும் பரவாயில்லை என்பார்கள், அதாவது ஆய்வேட்டைத் தவிர மற்றதெல்லாம் முடித்தவர். அப்புறம் ‘களத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் நல்லது’ என்று ஒரு வரி. டிக்கெட் விற்ற அனுபவமாகவும் இருக்கலாம், அரங்கம் நடத்தியதாகவும் இருக்கலாம். சட்டம் படித்துவிட்டு விளையாட்டுச் சட்டம் கற்பிக்க வருபவர் உண்டு. பொருளாதாரத்திலிருந்தும் சமூகவியலிலிருந்தும் வருபவர்கள் உண்டு. அணியிலோ விளம்பர நிறுவனத்திலோ நெடுநாள் இருந்துவிட்டு, ஆய்வுக் கட்டாயம் இல்லாமல் கற்பிக்க மட்டும் வருபவருக்கு ‘புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்’ என்று பெயர். ‘செயல்முறைப் பேராசிரியர்’ என்பதைவிட ‘தொழில்துறைப் பேராசிரியர்’ பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. துறை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ஓஹையோ பல்கலைக்கழகத்தில் அது வணிகக் கல்லூரிக்குள் இருக்கிறது. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் உடற்பயிற்சி, விளையாட்டு அறிவியல் துறைக்குள். ஒரே பட்டப் பெயர், ஆனால் பக்கத்து அறையில் ஓரிடத்தில் கணக்கியல் பேராசிரியர், இன்னோரிடத்தில் உடலியங்கியல் பேராசிரியர். எந்த இதழில் எழுதினால் மதிப்பு, எந்த முறையில் ஆய்வு செய்தால் மெச்சுவார்கள் என்பதெல்லாம் இதைப் பொறுத்து மாறும்.

இவர்கள் குறிப்புகளில் ‘எக்ஸ்பர்ட்டீஸ்’ என்றொரு வரி இருக்கும். முயன்று பார்த்தல் என்ற லத்தீன் வினையில் பிறந்தது அது. அனுபவத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேர்தான். ‘நிபுணத்துவம்’ என்று எழுதுவது வழக்கம். தமிழிலேயே ‘துறைபோதல்’ என்று அருமையான ஒரு சொல் இருக்கிறது: ஒரு துறையில் இறங்கிக் கரை வரை போனவர் துறைபோகியவர். தலைப்புக்கு ‘ஆய்வுத் துறைகள்’ என்று போட்டாலே போதும், தற்புகழ்ச்சி குறையும்.

அந்தத் துறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ரசிகர் உளவியல். அதன் அடிக்கல்லை நாட்டியவர் இத்துறைக்காரரே அல்லர், சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினி. 1976இல் வெளியான ஆய்வுக்காக அவரும் கூட்டாளிகளும் ஏழு பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களின் சட்டையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்தில் தங்கள் அணி ஜெயித்திருந்தால் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டை அதிகம், தோற்றிருந்தால் குறைவு. மாணவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்து ஆட்ட முடிவைக் கேட்டபோது, வெற்றியைச் சொல்லுகையில் ‘நாங்கள்’ அதிகம் வந்தது, தோல்வியில் அது குறைந்தது. ‘ஜெயிச்சுட்டோம்’, ‘தோத்துட்டானுங்க’ என்று நம் தெருவில் கேட்பதுதான். இன்று சட்டை விற்பனையையும் சீசன் சீட்டையும் ஆராயும் விளையாட்டுச் சந்தையியல் ஆசிரியர்கள் இதைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறார்கள்.

சட்டம் படித்தவர்களுக்கு இப்போது கை ஓயாத வேலை. கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் விளையாட்டின் போக்கையே மாற்றியது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு வழக்குத் தீர்வின்படி, கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். பாடத்திட்டத்தைப் பாதியில் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டிய நிலை.

சரி, ‘ஃபேகல்டி’க்கு வருவோம். ‘ஃபகுல்தாஸ்’ என்றால் லத்தீனில் ஆற்றல், திறன். இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் அது கல்விப் பிரிவுக்குப் பெயரானது; அமெரிக்காவில் அங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் சேர்ந்த பெயரானது. தமிழ்நாட்டில் கலைப்புலம், அறிவியல்புலம் என்றும் இலங்கையில் கலைப்பீடம், மருத்துவபீடம் என்றும் சொல்வது பிரிவு என்ற பொருளில். ‘புலம்’ நல்ல தேர்வு. இடத்தையும் குறிக்கும், அறிவையும் குறிக்கும். புலமைக்கு அதுதான் தாய். ஆனால் அமெரிக்கத் தலைப்பில் இருப்பது ஆட்கள். அதற்குப் புலம் என்றோ பீடம் என்றோ எழுதினால் தவறு. ‘ஆசிரியர்கள்’ அல்லது ‘பேராசிரியர்கள்’ என்று எழுத வேண்டும். நம் கல்லூரிகளில் ‘அவர் எங்க ஃபேகல்டி’ என்று ஒரே ஆளைச் சொல்வது தனி வழக்கு, அதை அமெரிக்கருக்குச் சொன்னால் விழிப்பார்.

பதவிப் பெயர்களில் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்பவை நிலைத்துவிட்டன. இந்த உதவிப் பேராசிரியர் யாருக்கும் உதவியாளர் அல்லர் என்பதை மட்டும் சொல்லிவைக்கலாம். தனியாக ஆய்வு செய்வார், தனியாக வகுப்பெடுப்பார். முதல் படியிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது பெரும்பாலும் ‘டென்யூர்’ கிடைக்கும். ‘பிடித்திருத்தல்’ என்ற பொருளில் பிரெஞ்சு வழி வந்த சொல். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கை, தகுதிகாண் காலம் ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதனால் ஆறாம் ஆண்டு வாக்கில் கட்டுரைகளையும் கற்பித்தல் மதிப்பீடுகளையும் வெளியாட்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ‘பணி நிரந்தரம்’ என்பது நெருங்கிய சொல். ஆனால் இங்கே பணி நிரந்தரம் என்பது சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம். அங்கே, தன் பல்கலைக்கழகத்தின் கால்பந்துச் செலவையே விமர்சித்து எழுதினாலும் வேலை போகாது என்பதும் அதில் சேர்த்தி. ‘நிலைப்பணி உரிமை’ என்றால் அந்த உரிமையும் சொல்லுக்குள் வந்துவிடும்.

இப்போது முழுத் தொடர். செய்வது வேறு, செய்வதைப் படிப்பது வேறு என்று காட்டத் தமிழில் ‘இயல்’ என்ற விகுதி இருக்கிறது. நம் மாநிலத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. அதே வழியில் ‘விளையாட்டு நிர்வாகவியல் பேராசிரியர்கள்’ என்று எழுதினால் கழகச் செயலாளர் படத்திலிருந்து நகர்ந்துவிடுவார். துறையின் ஆங்கிலப் பெயரில் மேனேஜ்மெண்ட் இருந்தால் ‘விளையாட்டு மேலாண்மையியல்’. வணிகப் படிப்புக்கு ‘மேலாண்மை’ என்பதே போதும் என்று பழகிவிட்டதால் அங்கே ‘இயல்’ இல்லாவிட்டாலும் குழப்பம் வராது. ‘நிர்வாக’த்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

குழப்பம் வருகிற இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ‘அத்லெடிக் டைரக்டர்’ பல்கலைக்கழக அணிகளை நடத்துபவர். உண்மையான நிர்வாகி அவர்தான், ‘விளையாட்டு இயக்குநர்’ என்றால் சரி. அடுத்து, கல்லூரி விளையாட்டைக் கட்டுப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரியும் நியமிக்க வேண்டிய ‘ஃபேகல்டி அத்லெடிக்ஸ் ரெப்ரசென்டேட்டிவ்’. விளையாட்டு வீரர்களின் படிப்பு கெடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்புகளில் ஒன்று. அவர் வேதியியல் பேராசிரியராகவும் இருக்கலாம், வரலாற்றுப் பேராசிரியராகவும் இருக்கலாம். ‘விளையாட்டுக்கான ஆசிரியர் பிரதிநிதி’ என்று எழுதுங்கள்; விளையாட்டு நிர்வாகவியல் படித்திருக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.