லேட்டன்ட் இமேஜ் – உள்ளுறை படிமம்

பிலிம் கேமராவில் ஷட்டரை அழுத்தியதும் படம் எடுத்தாகிவிட்டது. ஆனால் அப்போது பிலிமில் பார்க்க ஒன்றுமே இல்லை. சாதாரண நுண்ணோக்கியில் வைத்தாலும் ஒளி பட்ட இடத்துக்கும் படாத இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ரசாயனக் கரைசலில் போட்டுக் கழுவினால்தான் உருவம் வரும். பதிந்ததற்கும் தெரிவதற்கும் நடுவில் பிலிமுக்குள் இருப்பதைத்தான் லேட்டன்ட் இமேஜ் என்கிறார்கள். அந்த நிலையில் படத்தைப் பார்த்தவர் என்று யாருமில்லை, எடுத்தவர் உட்பட. யாருக்கும் காட்டாமல் தனக்காக மட்டும் படம் எடுப்பவர்களைப் பற்றிப் பேசும்போது இந்த ரசாயனச் சொல் வந்து நிற்பது அதனால்தான்.

சொல்லின் வேர் லத்தீன். 'லாதேரே' என்றால் ஒளிந்து கிடத்தல். 18ஆம் நூற்றாண்டில் ஜோசப் பிளாக் 'லேட்டன்ட் ஹீட்' என்ற சொல்லை இயற்பியலுக்குள் கொண்டுவந்தார். புகைப்படத்தில் அதற்கு வேலை வந்தது அடுத்த நூற்றாண்டில். பிரான்ஸின் டாகுவேர் 1839இல் வெளியிட்ட படமெடுக்கும் முறையிலேயே உருவம் முதலில் தெரியாது. வெள்ளித் தகட்டைப் பாதரச ஆவியில் காட்டிய பிறகுதான் எழும். 1840 செப்டம்பரில் இங்கிலாந்தில் டால்பட், சற்று நேரமே ஒளி பட்டு வெறுமையாகத் தெரிந்த காகிதத்தில் காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலைத் தடவினால் உருவம் தானாக எழுவதைக் கண்டார். அதற்கு முன் அவருடைய காகிதத்தில் உருவம் கண்ணுக்குத் தெரியும்வரை கேமராவை வெயிலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்தக் கண்டுபிடிப்புக்குப் பின் படம் எடுக்கும் நேரமும் படம் தெரியும் நேரமும் இரண்டாகப் பிரிந்தன.

உள்ளே நடப்பது இது. பிலிமின் ஜெலட்டின் பூச்சில் வெள்ளி புரோமைடு படிகங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவு. ஒளித்துகள் படிகத்தில் பட்டால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். அது படிகத்தில் குறையுள்ள ஒரு புள்ளியில் சிக்கிக்கொள்ள, அங்கே வந்து சேரும் வெள்ளி அயனி உலோக வெள்ளி அணுவாகிறது. ஓர் அணு மட்டும் என்றால் சீக்கிரமே கலைந்துவிடும். நான்கு அணு அளவுக்குச் சேர்ந்தால் அந்தப் படிகம் 'கழுவத் தகுந்தது' ஆகிவிடும். டெவலப்பர் என்ற கழுவும் ரசாயனத்தில் போட்டதும் அந்த நான்கு அணுவைப் பிடித்துக்கொண்டு மொத்தப் படிகமும் கறுப்பு வெள்ளியாக மாறும். நூறு கோடி மடங்கு என்ற அளவிலான பெருக்கம் இது. இந்த விளக்கத்துக்கு 1938இல் அடிப்படை போட்டவர்கள் கர்னி, மாட் என்ற இருவர்.

எடுத்ததைக் கழுவாமல் இந்த உள்ளுறை நிலையிலேயே நிறுத்திவிட்டவர்கள் உண்டு. நியூயார்க் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது சுமார் 2,500 ரோல்கள் கழுவப்படாமல் கிடந்தன. ரோலுக்கு 36 என்றால் 90,000 படங்கள். முன்பெல்லாம் அவர் வேண்டுமென்றே ஒரு வருடம்போல் கழுவாமல் வைப்பார். எடுத்த அன்று மனம் நன்றாக இருந்தது என்பதற்காகப் படமும் நன்றாக இருப்பதாக நினைத்துவிடக் கூடாது என்பது கணக்கு. கடைசி வருடங்களில் அது கணக்காகத் தெரியவில்லை, குவியலாகத்தான் தெரிகிறது. பின்னால் அந்த ரோல்களைப் பார்த்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் சார்கோவ்ஸ்கிக்குப் பெரும்பாலானவை ஏமாற்றமே. பார்வையாளர் கோணத்தில் அது நியாயமான தீர்ப்பு. எடுத்தவர் கோணத்தில் அந்தக் கேள்வியே எழாமல் இருந்திருக்கலாம்: உற்றுப் பார்ப்பது ஷட்டர் அழுத்தியதோடு முடிந்துவிடுகிறது.

விவியன் மேயர் இன்னும் சிக்கலானவர். சிகாகோ பகுதியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை, கழுத்தில் ரோலைஃப்ளெக்ஸ் கேமரா. 2007இல், வாடகை கட்டாத சேமிப்பறையிலிருந்த அவருடைய பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோதுதான் நெகட்டிவ்கள் வெளியே தெரிந்தன. மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றோடு கழுவாத ரோல்கள் நூற்றுக்கணக்கில். 2009இல் இறந்தார். 'தனக்காக மட்டுமே எடுத்தார்' என்று இவரை முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. அவசரப்பட வேண்டாம். ஒரு வீட்டில் வேலை பார்த்த காலத்தில் குளியலறையை இருட்டறையாக்கிக் கழுவியவர், அங்கிருந்து போன பிறகு ரோல்களைச் சேர்த்துக்கொண்டே போனார். கழுவக் காசும் இடமும் வேண்டும். ஆனாலும் ஒன்று உறுதி: யாரும் பார்க்காதது அவரை எடுக்கவிடாமல் தடுக்கவில்லை.

காட்டும் எண்ணம் எடுக்கும் நேரத்தையே மாற்றுகிறது என்பதற்குச் சோதனையும் உண்டு. அலிக்ஸாண்ட்ரா பராஷும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், சமூக ஊடகத்தில் பகிர என்று எடுத்தவர்கள், தமக்கென்று எடுத்தவர்களைவிட அந்த அனுபவத்தைக் குறைவாகவே ரசித்தார்கள். மற்றவர்கள் கண்ணில் எப்படித் தெரிவோம் என்ற கவலை குறுக்கே வந்ததுதான் காரணம்.

ஆனால் படத்தைக் கழுவாமல் வைப்பவர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது அப்படியே இருக்காது. காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் அந்தச் சில அணுக்களை மெல்ல அரிக்கும். நிழல் பகுதிகளில் அணுக்கூட்டங்கள் சிறியவை, எனவே முதலில் போவது நிழல்தான். இன்னொரு பக்கம், வெப்பமும் இயற்கைக் கதிர்வீச்சும் ஒளி படாத படிகங்களிலும் அணுக்களை உண்டாக்கும். கழுவினால் பிலிம் முழுக்கச் சாம்பல் மூட்டமாக வரும். படிகங்கள் மிகச் சிறியதாக இருக்கும் நுண்மணிப் பிலிம்களில் சில இதில் பலவீனமானவை. இல்போர்டு பான் எஃப் பிளஸ் ரோலைக் கையோடு கழுவிவிடுவது நல்லது. நாள் கழித்துத்தான் கழுவப் போகிறோம் என்று தெரிந்தால் எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம், அதாவது இரு மடங்கு, கொடுங்கள்.

குளிர் இருந்தால் ஆயுள் கூடும். 1897இல் பலூனில் வட துருவம் நோக்கிக் கிளம்பி இறந்துபோன ஆந்த்ரே குழுவின் பிலிம் 1930இல் பனித்தீவில் கிடைத்தது. 33 வருடம் கழித்துக் கழுவியும் 240இல் 93 படங்கள் தேறின. நம் ஊர்ப் பரணுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

வீட்டில் பழைய ரோல் கிடைத்தால் திறந்து பார்க்காதீர்கள். 35 மி.மீ. ரோலில் நாக்குப் போன்ற முனை முழுக்க உள்ளே போயிருந்தால் பெரும்பாலும் எடுத்து முடித்தது. காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்தால் பை அறை வெப்பத்துக்கு வரும்வரை சில மணி நேரம் பிரிக்காதீர்கள், இல்லையென்றால் பிலிமில் நீர் பூக்கும். அடுத்து எந்த வகை என்று பாருங்கள். ஊட்டியில் தயாரான 'இந்து' கறுப்பு வெள்ளை ரோல் என்றால் கழுவலாம். கலர் நெகட்டிவ் என்றால் அதற்கான சி-41 முறையில், டெவலப்பரில் 37.8 டிகிரியில் 3 நிமிடம் 15 விநாடி. மிகப் பழைய கலர் ரோல் என்றால் நிறத்தை மறந்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகக் கழுவுவதே புத்திசாலித்தனம். கோடாக்ரோம் என்ற கலர் ஸ்லைடு பிலிமுக்கு அதைவிட்டால் வேறு வழியே இல்லை. அதைக் கலரில் கழுவிய கடைசிக் கழுவகம் 2010 முடிவோடு அந்த வேலையை நிறுத்திவிட்டது. பழைய பிலிமுக்கு மூட்டம் குறைவாகத் தரும் எச்.சி.-110 போன்ற டெவலப்பர் நல்லது. மூட்டத்தை அடக்கும் ரசாயனமான பென்சோட்ரையசோலைக் கொஞ்சம் சேர்த்தால் மூட்டம் இன்னும் அடங்கும். ஒரே இடத்தில் பல ரோல் கிடைத்தால் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு 20 டிகிரி வேண்டும். சென்னைக் குழாய்த் தண்ணீர் கோடையில் 30ஐத் தாண்டும் என்பதால் ஐஸ் தொட்டியில் வைத்துத்தான் ஆக வேண்டும். சூடு கூடினால் கழுவும் நேரம் சுருங்கி, படம் திட்டுத்திட்டாக வரும்.

டிஜிட்டல் கேமராவில் இந்த நிலை இல்லை. சென்சாரில் சேரும் மின்னூட்டம் உடனே வாசிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, எண்ணாகிவிடுகிறது. சென்சாரின் எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலை 'டிஜிட்டல் நெகட்டிவ்' என்பதும், மென்பொருளில் 'டெவலப்' பொத்தான் இருப்பதும் பழைய பழக்கம். 2016இல் லைகா பின்திரையே இல்லாத எம்-டி கேமராவை விற்றது. அதிலும் படம் உருவாகி முடிந்துதான் இருக்கிறது, பார்க்க விடுவதில்லை, அவ்வளவே.

தமிழ்ச் சொல்லைத் தேர்வதற்கு இந்த வேறுபாடு உதவும். 'மறைபடிமம்' என்று எழுதுபவர்கள் உண்டு. லேட்டன்ட் ஹீட்டை 'மறைவெப்பம்' என்றும் இமேஜை 'விம்பம்' என்றும் படித்த இலங்கை வாசகருக்கு 'மறைவிம்பம்' இயல்பாகவே வரும். ஆனால் மறை என்றால் இருப்பதை மூடியது என்று ஆகிவிடுகிறது. அது லைகாவின் திரையில்லாக் கேமராவுக்குப் பொருந்தும், பொடி தூவினால் தெரியும் கைரேகைக்கும் பொருந்தும். இங்கே மூடி எதுவும் இல்லை, வளர வேண்டிய வித்துதான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அதே வெப்பம் 'உள்ளுறை வெப்பம்'. தொல்காப்பியத்தின் உள்ளுறை உவமத்திலும் சொல்லவந்த பொருள் வெளியே வராது. கருப்பொருளுக்குள் தங்கியிருக்கும், கேட்பவர்தான் அதை விரித்தெடுக்க வேண்டும். ஆகவே 'உள்ளுறை படிமம்' என்பதே எங்கள் தேர்வு. டெவலப் செய்வதை ஸ்டூடியோக்காரர்கள் சொன்ன 'கழுவுதல்' என்றே எழுதலாம். வேதிவினையைத் தனித்துச் சுட்டும்போது மட்டும் 'உருத்துலக்கல்'. 'உள்ளுறை படிமம்' என்பதை உள்ளே உறைகின்ற படிமம் என்று வினைத்தொகையாகக் கொள்வதால் நடுவில் ப் மிகாது.