புஷ்ஷின் அளவு கடையில் முடிவதில்லை

பழைய கார் இன்ஜினைப் பிரித்துக் கட்டுவோர் பலர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புதுப்பேட்டையிலோ, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்ட்டுடன் இணைக்கும் கனெக்டிங் ராடுக்குப் புதுப் புஷ், அதாவது ராடின் சிறுமுனைத் துளையில் இறங்கும் உலோக வளையம், வாங்குகிறார்கள். கடையிலேயே, பிஸ்டனை ராடுடன் கோக்கும் பிஸ்டன் பின்னை அதற்குள் நுழைத்துப் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று எடுத்து வருகிறார்கள். இன்ஜின் வேலையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது.

புஷ்ஷின் வெளிவிட்டம் ராடின் துளையைவிட வேண்டுமென்றே சற்றுப் பெரிதாக இருக்கும். பொதுவாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரை. அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. அழுத்தி இறக்கும்போது புஷ் உள்பக்கமாக நெருக்கப்பட்டு, அதன் துளை சிறுத்துவிடும். ஆகவே முதலில் இறக்க வேண்டும். அதன் பிறகே ரீமரிலோ (துளையைச் செதுக்கி அளவாக்கும் கருவி) ஹோனிங்கிலோ (கல்லால் நுட்பமாகத் தேய்ப்பது) உள்விட்டத்தை முடிக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் அளவுள்ள பின்னுக்கு நான் பார்க்கும் இடைவெளி ஏறத்தாழ 0.01 மில்லிமீட்டர், அந்த இன்ஜினின் கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டின்படியே செய்ய வேண்டும். லேசாக எண்ணெய் தடவிய பிஸ்டன் பின் கட்டைவிரல் அழுத்தத்துக்கு நகர வேண்டும். தன் எடையில் நழுவி விழக் கூடாது.

நம் ஊரில் இதில் கவனிக்க வேண்டியது வெப்பம். ஹோனிங் செய்யும்போது ராட் சூடேறுகிறது. 20 டிகிரி கூடினாலே 20 மில்லிமீட்டர் துளை சுமார் 5 மைக்ரான் (0.005 மில்லிமீட்டர்) விரிந்துவிடும். நாம் விடப்போகும் இடைவெளியே 10 மைக்ரான்தான்! சூடாக இருக்கும்போது பின் அழகாக நுழையும், ஆறியதும் இறுகிவிடும். அதனால் ராட், பின், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் ஆறவிட்டு அளக்க வேண்டும். வெயில் விழும் வாசல் மேசை அதற்கு உதவாது. அவசரப்படுத்தும் வாடிக்கையாளரிடம் இந்தக் காத்திருப்புக்காக நான் பிடிவாதமாகவே நிற்பேன்.

பின் இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் அதைத் தேய்ப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது பெருந்தவறு. பின்னின் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது. கையால் தேய்த்தால் அதன் வட்டம்தான் கெடும். பழைய பின்னைப் புதுப் புஷ்ஷில் போடுவதாக இருந்தால், பின்னைப் பல இடங்களில் அளந்து தேய்மானம் இல்லை என்று தெரிந்த பிறகே போட வேண்டும்.

இடைவெளி அதிகமானால் இன்ஜின் மெதுவாக ஓடும்போது இரட்டைத் தட்டலாகக் கேட்கும். பலர் அதை, வால்வை இயக்கும் டாப்பெட்டின் சத்தம் என்று நினைத்து அங்கேயே திருகிக்கொண்டிருப்பார்கள். இறுக்கமானால் கேடு அதைவிடப் பெரிது. பின் பிடித்துக்கொள்ளும், புஷ் ராடுக்குள் சுழன்று எண்ணெய்த் துளையை அடைத்துவிடும்.

இறக்கும் வேலையைச் சுத்தியலால் செய்யாதீர்கள். பிரஸ் இல்லையென்றால் நல்ல வைஸும், புஷ்ஷின் விளிம்புக்குப் பொருந்தும் ஒரு தண்டும் போதும். இறக்குவதற்கு முன்பே எண்ணெய்த் துளைகள் நேராக வருமாறு குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் ராடின் இரு துளைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அவசியம். வளைந்த ராடில் எவ்வளவு துல்லியமான புஷ் இருந்தும் பிஸ்டன் ஒரு பக்கமாகவே தேயும்.

எல்லா இன்ஜினிலும் இந்தப் புஷ் இருக்காது. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த பழைய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் பின்னை ராடே போல்ட்டால் கவ்விப் பிடிக்கிறது. பிரித்துப் பார்த்துவிட்டுப் பாகம் வாங்குங்கள்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் கியர்பாக்ஸ் தண்டைத் தாங்கும் சிறிய பைலட் புஷ்ஷுக்கு முறை வேறு. அது பெரும்பாலும் நுண்துளைகள் உள்ள வெண்கலம். துளைகளுக்குள்தான் எண்ணெய் இருக்கும். ரீமர் போட்டால் அவை அடைபட்டுவிடும். எனவே தேவையான அளவுக்கே வாங்கி, ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்து, உள்ளே சரியான அளவுத் தண்டைச் செருகியபடி இறக்குங்கள்.