‘அண்ணே, மெயில் மாறிப் போயிட்டு’

சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். நாகர்கோவில் வடசேரியில் ஒரு கடையில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது. “அண்ணே, மெயில் மாறிப் போயிட்டு” என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஏற்றுமதி செய்கிற நிறுவனம். அண்டி ஆபீஸ் என்று சொன்னால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும். அங்கே கணக்குப் பார்க்கிற பெண் அவள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று ஒவ்வொரு தரத்துக்கும் கிலோவுக்கு அடக்கவிலை என்ன, யாருக்கு என்ன விலை போட்டிருக்கிறது என்று எல்லாமே அடங்கிய எக்செல் ஷீட்டை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு எழுத்து அடித்ததும் ஜிமெயில் தானாக ஒரு பெயரை எடுத்து நீட்டியது. அவள் என்டரைத் தட்டிவிட்டாள். போய்ச் சேர்ந்தது துபாயில் இருந்துகொண்டு எங்கள் ஊர் முந்திரியை வாங்குகிற பையருக்கு.

“ஒண்ணும் செய்யாத மக்ளே, அப்படியே இரு” என்றேன்.

“சென்ட்ல இருந்து அழிச்சிட்டேண்ணே. டிராஷையும் காலி பண்ணிட்டேன்.”

பதினைந்து வருடமாக இந்த மாவட்டத்தில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், மெயில் வேலைகள் பார்க்கிறேன். மெயில் மாறிப் போனதும் பெரும்பாலானோர் கை முதலில் போவது இந்த அழிக்கிற பட்டனுக்குத்தான். நம் பெட்டியில் அழித்தால் அவர் பெட்டியில் ஒன்றும் ஆகாது. என்ன போனது, யார் யாருக்குப் போனது என்று பார்க்க நம்மிடம் இருந்த ஒரே சாட்சியைத்தான் இழக்கிறோம். அன்று நடந்ததும் அதுதான். போன ஷீட்டில் பழைய விலை இருந்ததா, புதிய விலையா என்று அவளுக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பைலையும் அதற்குள் மாற்றி சேவ் செய்துவிட்டிருந்தாள்.

அடுத்து எல்லோரும் கேட்பது: “திருப்பி எடுக்க முடியுமா?” ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த 5, 10, 20, 30 வினாடி என்று நான்கு அவகாசம் உண்டு. நாமாக மாற்றாத வரை 5 வினாடிதான். செட்டிங்கில் ஒருமுறை 30 என்று வைத்துவிட்டால் போதும். நான் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுவேன். அந்த அவகாசம் தாண்டினால் போனது போனதுதான். அவுட்லுக்கில் ‘ரீகால்’ என்று ஒன்று இருக்கிறது. அது ஒரே நிறுவனத்துக்குள், மைக்ரோசாப்ட் மெயில் வைத்திருப்பவர்களுக்கு இடையேதான் எடுபடும். வெளியாளிடம் முயன்றால், பழைய அவுட்லுக்கில் ‘இன்னார் இந்த மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்’ என்று இன்னொரு மெயில் போய் நிற்கும். பார்க்காமல் விட்டிருப்பவரும் அதற்கப்புறம் தேடிப் பார்ப்பார். பைலை இணைப்பாக அனுப்பாமல் கூகுள் டிரைவில் வைத்து அதன் லிங்க்கை மட்டும் அனுப்பியிருந்தால் மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவர் டவுன்லோடு செய்வதற்குள் அனுமதியை எடுத்துவிடலாம்.

இவளிடம் லிங்க்கும் இல்லை, நேரமும் இல்லை. “முதலாளிகிட்ட சொன்னியா?” என்றேன். இல்லை. “அவரு வேற யாரு வாயிலயிருந்தும் கேக்கப்பிடாது. இப்பமே போயி சொல்லு” என்றேன். சொன்னாள். கொஞ்சம் திட்டு விழுந்தது. திட்டி முடித்தவர் தானே துபாய்க்குப் போன் போட்டார். இந்த இடத்தில் மெயிலை விடப் போன்தான் சரி. அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆள் அலுவலகத்தில்தான் இருந்தார். ‘வேறொருவருக்கான பைல் தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அழித்துவிட்டு ஒரு வரி பதில் போடுங்கள்’ என்று மட்டும் முதலாளி கேட்டார். ‘ரொம்ப ரகசியமான பைல், தயவுசெய்து திறக்காதீர்கள்’ என்று கெஞ்சியிருந்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

அந்தப் பையர் ஏற்கெனவே திறந்து பார்த்திருந்தார். அழித்துவிட்டதாகப் பதிலும் போட்டார். அடுத்த ஆர்டரில் விலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்திப் பேசினார் என்று முதலாளி பின்னால் சொன்னார். நஷ்டம் இல்லாமல் போகவில்லை.

கோபத்தில் எழுதியது மாறிப் போவது வேறு ரகம். அதில் எனக்கே அனுபவம் உண்டு. தக்கலைப் பக்கம் ஒரு வாடிக்கையாளர்; பில் தொகை மாதக் கணக்கில் நிலுவை. ‘இந்த ஆளு காசு தர்ற ஜென்மம் இல்ல’ என்று என்னோடு வேலை பார்க்கிற பையனுக்கு எழுதினேன். நகல் போகிற சிசியில் அந்த வாடிக்கையாளரே இருந்திருக்கிறார். விளக்கம் சொல்லி ஒரு நீண்ட மெயில் எழுத உட்கார்ந்தேன், பாதியில் அழித்துவிட்டு பைக்கை எடுத்தேன். “சார், அப்படி எழுதினது தப்பு” என்றேன். ‘அந்த அர்த்தத்தில் எழுதவில்லை’ என்று நான் இழுத்திருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும் அந்த வரிக்கு! கொஞ்ச நேரம் என்னையே பார்த்தவர், டீ சொன்னார். பணம் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது, அது வேறு கதை.

பள்ளிக்கூடம், கிளினிக் நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெற்றோர் இருநூறு பேருக்கு அனுப்பும் மெயிலில் முகவரிகளை, ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாத பிசிசியில் போடாமல் விட்டால், இருநூறு பேர் முகவரியும் இருநூறு பேர் கையில். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தெரியாமல் வெளியே போவதையும் தரவு மீறல் என்றுதான் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. ‘வெறும் மெயில்தானே’ என்று விடாமல், போன விவரம் யாருடையதோ அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். திருத்தம் அனுப்பும்போதாவது முகவரிகள் பிசிசியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ‘என் பெயரை நீக்குங்கள்’ என்று ஒருவர் எல்லோருக்கும் பதில் போட ஆரம்பிப்பார். அப்புறம் அன்றைக்கு ராத்திரி வரை ஓயாது.

அந்தப் பெண் இன்னமும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். பைலை இணைத்து, எழுதி முடித்து, வாசித்துப் பார்த்த பிறகுதான் இப்போதெல்லாம் முகவரியையே அடிக்கிறாள். போன வாரம் என் பில்லுக்குப் பணம் போட்ட ரசீதை அனுப்பியிருந்தாள். சரியாக எனக்குத்தான் வந்திருந்தது. ரசீதைத்தான் காணோம்.