பனைக்கு முடி வெட்டாதீர்கள்

வீட்டுத் தோட்டத்தில் வைத்த தென்னை, ராயல் பாம் போன்ற பனை இன மரங்கள் தண்ணீரில்லாமல் சாவது அபூர்வம். வெயிலுக்கும் காற்றுக்கும் அவை அவ்வளவு எளிதில் பணிவதில்லை. மரம் பார்க்க என்னை அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் கேட்கும் முதல் வாக்கியம் இதுதான்: "போன மாதம்தான் ஆள் வைத்துச் சுத்தம் செய்தோம் சார்." அண்ணாந்து பார்த்தால், உச்சியில் இரண்டு மூன்று ஓலை மட்டும் விறைத்து நிற்கும். மற்றதெல்லாம் பச்சையாகவே கழிக்கப்பட்டிருக்கும். ஆள் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார், வீட்டுக்காரருக்கும் திருப்தி. மரத்துக்குத்தான் இனிமேல் பாடு.

மாமரத்தையும் வேம்பையும் பார்த்துப் பழகிய கண்ணோடு நாம் தென்னையையும் ராயல் பாமையும் பார்க்கிறோம். வேம்பின் கிளையை வெட்டினால் பக்கத்தில் நான்கு துளிர் வரும். பட்டையில் காயம் பட்டால் விளிம்பிலிருந்து புதுத் திசு வளர்ந்து மூடும். பனை இனத்தில் இந்த இரண்டுமே நடக்காது. தண்டைப் பருக்க வைக்கும் வளர்படலம் அதற்குள் கிடையாது. ஆகவே பட்ட காயம் கடைசிவரை காயமாகவே இருக்கும். சீரியல் விளக்கு மாட்ட அடித்த ஆணியின் ஓட்டை, ஏறுவதற்காக வெட்டிய படி, கயிறு அறுத்த தடம் எதுவுமே மூடாது. வளர்ச்சி முழுவதும் உச்சியில் உள்ள ஒரே குருத்தில்தான். தூர் விட்டுப் பல தண்டாக வளரும் அரிக்கா பாம் போன்றவை விதிவிலக்கு. ஒற்றைத் தண்டு மரத்தில் குருத்து போனால் மரமே போயிற்று.

பச்சை மட்டையை வெட்டும்போது வடியும் சாற்றின் வாசனை சிவப்புக் கூன்வண்டை அழைத்து வருகிறது. பெண் வண்டு காயத்தின் ஓரத்தில் முட்டை வைக்கும். ஒரு வண்டு இருநூறுக்கு மேல் வைக்கக்கூடும். கால்களற்ற வெண்மஞ்சள் புழுக்கள் தண்டுக்குள்ளேயே தின்று, அங்கேயே நாரைச் சுற்றிக் கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகின்றன. வெளியில் ஒன்றும் தெரியாது. தண்டில் சிறு துளை, அதிலிருந்து பழுப்பு நிறப் பிசின், மென்று துப்பியது போன்ற நார் ஆகியவை தெரிந்தால் அதுவே தாமதமான செய்திதான். அமைதியான நேரத்தில் தண்டில் காதை வைத்துப் பாருங்கள். கடிக்கும் சத்தம் கேட்கலாம். நடுக்குருத்து வாடிச் சாய்ந்தபிறகு கூப்பிட்டால் நான் வந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. மரத்தை வெட்டி, பிளந்து, உள்ளிருக்கும் புழுக்களோடு அழிக்கச் சொல்லிவிட்டு வருவேன். அப்படியே தோட்டத்து மூலையில் போட்டுவைத்தால் அடுத்த வீட்டுத் தென்னைக்கும் பரவும்.

தண்டின் அடிப்பகுதியில் செம்பழுப்புச் சாறு கசிந்து, மேல்நோக்கி ஏறிக்கொண்டே போனால் அது வேறு விஷயம். அது பூசண நோய். தஞ்சாவூர் வாடல் என்பார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்துக் கடைக்காரர் கொடுத்ததை ஊற்றுகிறவர்கள் அதிகம். வேரில் பூச்சிக்கொல்லியை ஏற்றும் முறையும் பரவலாக இருக்கிறது. இளநீர் பறித்துக் குடிக்கும் வீட்டில் வேளாண் அலுவலரைக் கேட்காமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படிச் செய்ய நேர்ந்தால் காய்களை முன்னதாகவே பறித்துவிட வேண்டும். பிறகு குறைந்தது 45 நாள் ஒரு காயையும் தொடக்கூடாது.

கூன்வண்டுக்குக் கதவைத் திறந்துவிடும் இன்னொருவர் காண்டாமிருக வண்டு. விரிந்த ஓலையில் கத்தரிக்கோலால் வெட்டியது போல முக்கோண வெட்டுகள் தெரிந்தால், அது குருத்தாக இருந்தபோதே இந்த வண்டு துளைத்துவிட்டது என்று பொருள். இது பிறந்து வளரும் இடம் மரமல்ல, எருக்குழி. மாடித் தோட்ட ஆர்வத்தில் மரத்தடியிலேயே மட்கு உரத் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். தொட்டியைக் கிளறிப் பாருங்கள், ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்த கொழுத்த வெள்ளைப் புழு கிடைத்தால் எடுத்து அழியுங்கள். எருக்குழிக்கு மெட்டாரைசியம் என்ற பூசணத்தைக் கலக்கலாம். புழுவை அதுவே கொல்லும். மரத்தில், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் அளவில், உச்சியின் உள்பக்க மூன்று மட்டை இடுக்குகளில் போட்டு வைக்க வேண்டும்.

அப்படியானால் மட்டையை வெட்டவே கூடாதா? முழுக்கக் காய்ந்து தொங்குவதைக் கழிக்கலாம். பச்சை மட்டை மின்கம்பியில் உரசுகிறது, வேறு வழியில்லை என்றால், தண்டிலிருந்து நான்கடி தள்ளி வெட்டச் சொல்லுங்கள். மரத்தில் மிஞ்சிய மட்டைத் துண்டு காய்வதற்குள் புழு தண்டைத் தொடாது. பார்வைக்கு அசிங்கமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடிமட்டை மஞ்சளானதும் வெட்டுகிற பழக்கமும் இதே ரகம். பழைய ஓலையின் நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சுமாகப் புள்ளி விழுந்து கருகினால் பெரும்பாலும் சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ் குறைவு. மரம் அந்தக் கிழட்டு ஓலையிலிருந்து சத்தை உறிஞ்சிப் புது ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை நீங்கள் வெட்டினால் அடுத்த ஓலையிலிருந்து எடுக்கத் தொடங்கும், அதையும் வெட்டுவீர்கள். இப்படியே போய்க் கொண்டை சிறுத்துவிடும். ஓரங்கள் மட்டும் அகலமாக மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால் மக்னீசியக் குறைவு. புது ஓலை சுருண்டு கருகி வந்தால் மாங்கனீசு கிடைக்கவில்லை. சிமென்ட் கழிவு கலந்த களர் மண்ணில், அதாவது புதிதாகக் கட்டிய வீடுகளின் முன்புறத்தில், இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். எந்த ஓலை, பழையதா புதியதா என்று பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். காய்க்கும் நெட்டைத் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்ற பழைய பரிந்துரையை இரண்டு பாகமாகப் பிரித்து, தண்டை ஒட்டிப் போடாமல் சுமார் ஆறடி ஆரம் வட்டப்பாத்தியில் தூவிக் கொத்திவிட்டால் போதும். வீடுகளில் யூரியாவை மட்டும் அள்ளிப் போடுகிறார்கள். ஓலை கரும்பச்சையாகிறது, பூச்சியும் கூடவே வருகிறது.

நடும் ஆழத்திலும் ஒரு குழப்பம். தென்னையை மூன்றடிக் குழியில் வைத்து, கன்று வளர வளர மண் அணைப்பது நம் வழக்கம். அது தென்னைக்குச் சரி; அங்கேயும் கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். நர்சரியில் ஆறடி உயரத்துக்கு வாங்கிவந்த ராயல் பாமையும் ஃபாக்ஸ்டெயில் பாமையும், காற்றில் சாயாமல் நிற்கட்டும் என்று ஒன்றரையடி ஆழமாகப் புதைத்துவிடுகிறார்கள். வேர் மூச்சுத் திணறும். உடனே சாகாது, இரண்டு மூன்று ஆண்டு இழுத்துக்கொண்டு கிடக்கும். அதனால்தான் காரணம் யாருக்கும் புலப்படுவதில்லை. தொட்டியில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் வையுங்கள். சாயும் என்று பயந்தால் மூன்று பக்கமும் கட்டை கொடுங்கள், தண்டில் ஆணி அடிக்காமல் சாக்கு சுற்றிக் கட்டுங்கள்.

வேர் அஸ்திவாரத்தைப் பிளக்கும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. பனை இனத்தின் வேர் ஆலமரத்து வேர் போல ஆண்டுக்காண்டு பருப்பதில்லை. விரல் கனத்தோடு நின்றுவிடும். பயப்பட வேண்டியது மேலே. ராயல் பாமின் ஒரு மட்டை நல்ல கனம், அது காரின் மேல் விழுந்த வீடுகளை எனக்குத் தெரியும். தென்னைக்குக் கீழே குழந்தைகள் விளையாடும் இடம் வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? கொண்டை விரியும் அகலத்தைக் கணக்கிட்டுத் தள்ளி வையுங்கள். தென்னைக்கு 25 அடி.

எதை வைப்பது என்று கேட்டால் என் பட்டியல் சிறியது. தண்ணீர் குறைந்த இடத்துக்கு ஈச்ச மரம், இடம் தாராளமாக இருந்தால் சாம்பல்நீல விசிறி ஓலை கொண்ட பிஸ்மார்க் பாம். கடற்கரை மணலுக்குத் தென்னை. அரிக்கா பாமை உச்சி வெயிலில் வைத்துவிட்டு ஓலை வெளுக்கிறது என்று வருந்த வேண்டாம், அது அரைநிழலில் மகிழ்ச்சியாக இருக்கும். கூந்தற்பனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். பல ஆண்டு வளர்ந்தபிறகு அது உச்சியில் பூத்து, பிறகு ஒவ்வொரு கணுவாகக் கீழே இறங்கிப் பூத்து, அடியில் முடித்ததும் செத்துப்போகும். நோயில்லை, அதன் ஆயுள் அவ்வளவுதான். இதற்கு மருந்தடித்துப் பணம் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் தாங்குவது நம் பனைதான். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட ஊர்களிலும் வரப்புப் பனைகள் நின்றன. ஆனால் பனங்கன்றை வாங்கி நடுவது பெரும்பாலும் வீண். முளைக்கும்போதே அது கீழ்நோக்கி ஆழமாக இறங்கிவிடும். பனங்கிழங்கு தோண்டியவர்களுக்கு அந்த ஆழம் தெரியும். பிடுங்கி நட்டால் முறிந்துவிடும். பழம் விழும் ஆவணி, புரட்டாசியில் கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதையுங்கள். முதல் சில ஆண்டுகள் தரையோடு விசிறி மட்டும் தெரியும், தண்டு வராது. களை என்று வெட்டிவிடாமல் தோட்டக்காரரிடம் சொல்லி வையுங்கள். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது, அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகலாம். நுங்கு வேண்டுமென்றால் நான்கைந்து கொட்டை போடுங்கள். வளர்ந்தபின் இடைஞ்சல் என்று வெட்ட நினைத்தால், தமிழ்நாட்டில் அதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். எனவே மதில் சுவரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் எவ்வளவு தள்ளி என்பதைக் கொட்டை புதைக்கும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.