தடைக்காலத்தில் ஏறும் சர்க்கரை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் கரையில் நிற்கும். மண்டபம், பாம்பன், தொண்டியிலிருந்து வரும் சர்க்கரை நோயாளிகளிடம் இந்த 61 நாட்களில் ஒன்றைத் தவறாமல் பார்க்கிறேன். மாத்திரை அதேதான், சோறும் மீன் குழம்பும் அதேதான். ரத்தச் சர்க்கரை மட்டும் ஏறியிருக்கும். "ஒரு வேளை மாத்திரைகூட விடவில்லையே, டாக்டர்" என்று வருந்துவார்கள். உண்மைதான். நின்றுபோனது வலை இழுத்த உழைப்பு.

உழைக்கும் தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். ஓய்ந்த பிறகும் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். அந்தப் பலன் ஒரு நாள், மிஞ்சினால் மூன்று நாள் நிற்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாங்கு மாங்கென்று நடப்பது போதாது. வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் விடக் கூடாது. சாப்பிட்ட பின் கால் மணி நேரம் நடந்தாலே நல்ல பலன் தெரியும்.

தடைக்காலத்தில் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தால், மறுபடி கடலேறும் முன் மருத்துவரைப் பாருங்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குக் கடும் உழைப்பில் சர்க்கரை சட்டென்று தாழும். கை நடுங்கி வியர்க்கும். வெயில்தான் காரணம் என்று இருந்துவிடுவார்கள். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நோன்பு வைப்பவர்கள், நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது நடைப்பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. இரவில் தராவீஹ் தொழுகையே உடலுக்கு நல்ல அசைவு.

எனக்குப் பெரிய கவலை பாதம். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் உடம்புக்கு நல்லது என்று இங்கே பலர் நம்புகிறார்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அது பேராபத்து. கால் வீங்கியிருக்கிறது என்று ஒரு பெரியவர் வந்தார். கழுவிப் பார்த்தால், குதிகாலுக்குள் சீமைக்கருவேல முள் ஒடிந்து கிடக்கிறது, சுற்றிலும் சீழ். எப்போது குத்தியதென்று அவருக்குத் தெரியவில்லை. பிடுங்கியபோதும் முகம் சுளிக்கவில்லை. "வலியே இல்லை, டாக்டர்" என்று அவர் நிம்மதியோடு சொன்னபோது எனக்கு மனம் கனத்துவிட்டது.

விரல்களை மூடும், அடிப்பாகம் தடித்த காலணியோடு நடங்கள். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். மணலோ கிளிஞ்சலோ இருக்கலாம். இரவில் உள்ளங்காலை வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, ஆறும்வரை நடையை நிறுத்துங்கள். அதுவரை நாற்காலியில் உட்கார்ந்தபடி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்கிக் கைகளுக்கு வேலை கொடுக்கலாம்.