யூசர் சர்வே: தமிழில் என்ன சொல்லலாம்?

ஒரு செயலியையோ சேவையையோ பயன்படுத்துகிறவர்களிடம் கேள்வி கேட்டு, வந்த பதில்களை வைத்து அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் யூசர் சர்வே. இதில் 'யூசர்' எளிது, பயனர். 'பயனாளி' வேண்டாம், அது உதவி பெறுபவரைக் குறிக்கப் பழகிவிட்டது.

'சர்வே' ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வேர் இலத்தீன்: 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்த்தல். 'சூப்பர்வைஸ்' என்ற சொல்லும் இதே வேர்களில் பிறந்ததுதான். நம்முடைய 'மேற்பார்வை'யும் அதே அமைப்பு. ஆனால் தமிழ்ப் பேச்சில் சர்வே என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நில அளவை. மனிதர்களிடம் கேட்டு அறிவதற்கு வேறு சொல் தேவை.

பலர் 'கணக்கெடுப்பு' என்று எழுதுகிறார்கள். கணக்கெடுப்பு என்றால் ஒருவர் விடாமல் எண்ணுவது. சர்வேயில் பெரும்பாலும் சிலரிடம்தான் கேட்கிறோம், அந்தச் சிலர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது, வென்றவர் ரூஸ்வெல்ட். பெயர்களைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் எடுத்ததால் வசதியானவர்களே அதிகம் சேர்ந்துவிட்டார்கள். அவர்களிலும் பதில் எழுதியது ஒரு சாரார்தான். எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லாமல் போனது.

'கருத்துக்கணிப்பு' தேர்தலுக்குப் பொருந்தும். கணிப்பதில் வரப்போவதைச் சொல்லும் தொனி இருக்கிறது.

எனக்குச் சரியாகப் படுவது 'பயனர் கருத்தாய்வு'. தொல்காப்பியம் 'ஆய்தல்' என்ற சொல்லுக்கு 'உள்ளதன் நுணுக்கம்', அதாவது இருப்பது மேலும் நுணுகுவது, என்று பொருள் சொல்கிறது. பூ ஆய்கிறவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கிள்ளுகிறார். சர்வே மேலிருந்து பார்க்கிறது, ஆய்வு கிட்டத்தில் போய்ப் பார்க்கிறது. பதில்களைச் சதவீதமாக மாற்றுவதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றாகப் படிக்கவும் வேண்டும் என்பதை இந்தச் சொல்லே நினைவூட்டுகிறது.

ஒரு குறை உண்டு. 'கருத்து' என்று இருப்பதால் "பிடித்திருக்கிறதா?" என்று மட்டுமே கேட்கத் தோன்றும். "கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? எந்த இடத்தில் பாதியில் விட்டீர்கள்?" என்று நடந்ததைக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும். "வேகமாகவும் எளிதாகவும் இருக்கிறதா?" என்பது இரண்டு கேள்வி. வேகம் உண்டு, எளிமை இல்லை என்பவர் அதற்கு என்ன பதில் சொல்வார்?

அப்புறம், கேள்விகளின் தொகுப்பை 'வினாத்தாள்' என்று எழுதாதீர்கள். அதைப் பார்த்தால் தேர்வு எழுதும் பதற்றம் வரும். 'வினாப்பட்டியல்' போதும். அதை எல்லாருக்கும் அனுப்புமுன் ஐந்தாறு பேரிடம் கொடுத்து, எந்தக் கேள்வியில் தயங்குகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பாருங்கள். 'பைலட்' என்கிற இதற்கு நம்மிடம் அழகான பழைய சொல் இருக்கிறது: வெள்ளோட்டம்.