பம்ப் போகவில்லை, எர்த் போயிருக்கிறது

போன வாரம் ஒருவர் தன் 2005 மாடல் பெட்ரோல் காரை டோ பண்ணிக் கொண்டுவந்தார். "ஃப்யூவல் பம்ப் போயிருச்சுண்ணே, புதுசு வாங்கிட்டே வந்துட்டேன்." டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பைச் சொல்கிறார். 14 மாதத்தில் அது நான்காவது பம்ப். இந்த வருஷம் இதே கதையோடு வந்த வண்டிகள் அதிகமாகிவிட்டன, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடும், அப்புறம் இழுவை குறைந்து நின்றுவிடும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். பின்சீட்டைத் தூக்கி பம்ப்பின் கப்ளரை, அதாவது ஒயர் வந்து மாட்டும் பிளக்கை, கழற்றிப் பார்த்தேன். கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் எர்த் பின் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. மறுபடி மாட்டி, இன்ஜின் ஓடும்போதே அளந்தேன்: பேட்டரியில் 13.8 வோல்ட், பம்ப்பில் 10.9. எர்த் பக்கம் மட்டும் 1.9 வோல்ட் வழியிலேயே வீணாகிறது. 0.2-ஐத் தாண்டவே கூடாது.

கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு மல்டிமீட்டரில் 12 காட்டுகிறதே, ஒயரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடாதீர்கள் தம்பிகளே. கரண்ட் இழுக்காதபோது கெட்ட ஒயர்கூட 12 காட்டும். பம்ப் ஓடும்போது அளப்பதுதான் அளவு.

"புது பம்ப் போட்டதும் வண்டி ஓடுச்சே, அப்போ பழையது போனதுதானே?" இல்லை. இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பம்ப் மாற்றும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுகிறோம், அந்த உரசலில் பின் மேலிருக்கும் கரி கொஞ்சம் தேய்ந்து கான்டாக்ட் கிடைக்கிறது, வண்டி ஓடுகிறது, பேர் புது பம்ப்புக்குப் போகிறது. நாலு மாதத்தில் மறுபடி கரி பிடிக்கும், உடனே "டூப்ளிகேட் பம்ப்" என்று கடைக்காரரோடு சண்டை. இவர் கழற்றிய பம்ப்புகளில் இரண்டை டிக்கியில் வைத்திருந்தார். டெஸ்ட் பெஞ்சில் போட்டேன். இரண்டுமே 3 பாருக்கு மேல் பிரஷர் கொடுத்தன. இரண்டும் நல்ல பம்ப்! வீணாகப் போன அந்தக் காசை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஒயரை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புது கப்ளர் போட்டு, பாடியில் எர்த் பாயின்ட்டைச் சுரண்டி இறுக்கினேன். பம்ப்பில் 13.4 வந்தது. அவர் வாங்கி வந்த பம்ப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

பம்ப் நிஜமாகவே போகும் வண்டிகளும் உண்டு. டேங்க் அடியில் துரு, அடைத்த சல்லடை, வருஷக்கணக்கில் மாற்றாத ஃபில்டர், எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம். பம்ப்பைக் குளிரவைப்பதே அந்தப் பெட்ரோல்தான், தயவுசெய்து கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும், ஈரத்தை இழுக்கும், சரி. ஆனால் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட்டு டேங்கைத் திறந்தே பார்க்காமல் இருப்பது தப்பு.

பம்ப்புக்குக் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலேயைத் தாண்டி நேரடி ஒயர் கொடுத்து ஓட்டாதீர்கள். விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், தீப்பிடிக்கலாம். டேங்க் திறக்கும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், பக்கத்தில் சூடாகும் பழைய குண்டு பல்பு விளக்கு வேண்டவே வேண்டாம்.

வண்டிக்காரர்களுக்கு ஒன்று: கழற்றிய பம்ப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒருமுறை மாற்றியிருந்தால், அடுத்ததுக்குக் காசு கொடுக்கும் முன் "ஓடும்போது எத்தனை வோல்ட் வருது, காட்டுங்க" என்று பக்கத்திலேயே நின்று கேளுங்கள்.